நீலச் சட்டையில் இறங்கிய மலை

1. பக்கெட்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுக்கப்பட்டது ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

"தண்ணி புடிச்சி மிஷினுக்குப் பக்கத்துல வைம்மா. காத்துல ஈரம் கம்மியானா இதுக்கு மூக்கு அடைச்சிக்கும்" என்றார் முதலாளி பாஸ்கர் சார்.

நான் டி.டி.பி. படித்தவள். அதுவரை டவுனில் ஒரு அச்சகத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தண்ணீர் தூக்கச் சொல்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. இருந்தாலும் பக்கெட்டை வைத்துவிட்டு மிஷினைப் பார்த்தேன். அவர் ஒரு வெள்ளை டீ-ஷர்ட்டைப் பலகையில் மாட்டி உள்ளே அனுப்பினார். உள்ளே மை தெளிக்கும் ஹெட் இப்படியும் அப்படியும் ஓடியது. சின்னதாக ஒரு சத்தம், தறி ஓடுவது போல. கொஞ்ச நேரத்தில் துணியின் மேல் ஒரு மயிலின் கழுத்து வந்தது. பிறகு தோகை வந்தது. எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துவிட்டேன்.

துணியில் நேரடியாக அச்சடிக்கும் இங்க்ஜெட் மிஷின் அப்போது திருவண்ணாமலைக்குப் புதிது. இரண்டாயிரங்களின் பின்பாதி அது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு ஜூஸ் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் எங்கள் கடை. இன்றைக்கு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் பட்டனைத் தட்டியதும் படம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கள் மிஷின் அப்படியெல்லாம் பேச்சு கேட்காது. காலையில் வந்ததும் வெள்ளை மையைக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தங்கிவிடும். ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு காகிதத்தில் கோடு அடித்துப் பார்த்து, விட்டுப்போன கோடு இருந்தால் மறுபடியும் சுத்தம் செய்ய வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்பவளுக்குக்கூட அவ்வளவு வேலை இருக்காது.

ஆனால் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கலருக்கு ஒரு ஸ்கிரீன் செய்தாக வேண்டும், அதனால் ஒரே டிசைனில் நிறைய பீஸ் இருந்தால்தான் கட்டுப்படியாகும். எங்களிடம் ஒற்றைப் பீஸ் கேட்டும் வரலாம். வந்தார்கள். ஒரு டிரைவர் தான் ஓட்டும் டவுன் பஸ்ஸின் போட்டோவைக் கொண்டுவந்தார். ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள், தன் அறை வாசலில் வந்து உட்காரும் குரங்கைக் கேட்டார். ஒருவர் எதுவுமே கொண்டுவராமல், கனவில் பார்த்த ஒரு குளத்தைக் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். இன்னும் தூக்கம் கலையாதவர்கள் போலத்தான் நிறைய பேர் உள்ளே வருவார்கள். அவர்களோடு இருந்து இருந்து எனக்கும் அப்படி ஆகிவிட்டது.

2. மலை விழுந்த பீஸ்

நாங்கள் ஜாஸ்தி அடித்தது மலையைத்தான். அதற்கு எங்கள் கடையில் எழுதாத சட்டங்கள் இருந்தன. இடுப்புக்குக் கீழே மலை கிடையாது. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒரு பையன், அரை டிராயரில் தொடைக்கு மேல் மலை வேண்டும் என்று அடம்பிடித்தான். சார் அவனை ஜூஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எங்கள் ஊரில் மலைதான் சாமி என்பதை அவனுக்கு யார் உட்கார்ந்து விளக்குவது?

இன்னொரு சட்டம் கொஞ்சம் சங்கடமானது. அச்சு பழுதான பீஸைக் கிழித்து, மை துடைக்க வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். மலை விழுந்த பீஸை மட்டும் யாரும் கிழிக்க மாட்டோம். மடித்து ஒரு பீரோவில் வைப்போம். கலர் மங்கிய மலை, பாதியில் நின்ற மலை, கோடு கோடாக வந்த மலை எல்லாம் அதற்குள் குடியிருந்தன.

"இன்னா மல்லிகா இது, ரொம்புனா சந்தோஷப்படறதுக்கு இது இன்னா உண்டியலா?" என்று சார் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் புலம்புவார். ஆனால் அவரும் கிழித்ததில்லை.

சாருக்குச் சொந்த ஊர் ஆரணி. அங்கே அவர் பல வருஷம் டிரான்ஸ்ஃபர் வேலை செய்தவர். அதாவது படத்தை முதலில் ஒரு தாளில் அடித்து, தாளைத் துணி மேல் கவிழ்த்து, சூடான பிரஸ்ஸில் அழுத்தி ஒட்டுவது. கவிழ்ப்பதால் இடம் வலமாகிவிடும். அதனால் தாளில் அடிக்கும்போதே படத்தை இடவலம் மாற்றி அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கு 'மிரர்' என்று ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் போட்டால் போதும். எங்கள் புது மிஷினில் தாளும் இல்லை, கவிழ்ப்பதும் இல்லை. அந்தக் கட்டத்துக்கு வேலையே இல்லை.

நான் அடி அண்ணாமலைக்காரி. எங்கள் ஊர், மலையைச் சுற்றி நடக்கும் பாதையில், டவுனுக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. கடையிலிருந்து தெரியும் மலை வேறு, எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரியும் மலை வேறு. சாயங்காலம் வேலை முடிந்து ஆட்டோவில் போகும்போது மலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வரும். அது எங்கள் வீட்டு மலையாக ஆகும் இடம் வந்ததும் நான் இறங்கத் தயாராகிவிடுவேன்.

3. ஆட்டுக்கு ஐந்து கால்

ஏழுமலை அண்ணாவை எனக்கு முன்பே தெரியும். எங்கள் ஊர்க்காரர், டிராக்டர் ஓட்டுபவர். பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார். குவைத்தில் டிரைவர் வேலை கிடைத்து, அன்று சாயங்காலம் சென்னைக்கு பஸ் ஏறப்போகிறவர், காலையில் மகள் தீபாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். தீபா அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். கையில் சுருட்டிய ஒரு தாள் இருந்தது.

"பாப்பா வரைஞ்சிதுங்க. இத சட்டையில போட்டுத் தரணும். ரெண்டு வருஷம் லீவு கெடையாதாம். மலைய பாக்காம நான் ஒரு வாரம் இருந்ததில்ல" என்றார்.

தாளைப் பிரித்தோம். கிரேயானில் வரைந்த மலை. எங்கள் ஊர்ப் பக்கத்து மலையேதான். அதன் இடப்பக்கம் ஒரு வீடு, வீட்டை ஒட்டி ஒரு பனைமரம். வலப்பக்கம் ஊர்த் தண்ணீர் டேங்க். முன்னால் ஒரு ஆடு.

"ஓரத்துல உன் பேர எழுதலாமாம்மா?" என்று சார் கேட்டார்.

"எதுக்கு? எங்கப்பாவுக்கு என் பேரு தெரியும்" என்றாள் தீபா.

வெள்ளைச் சட்டையில் போடலாமா என்று கேட்டேன். அண்ணா தலையாட்டினார். "வேணாம்மா. அங்க ஒரே மண்ணுன்னு சொல்றாங்க. ரெண்டு நாள்ல அழுக்காயிடும். கலர்ல போடு."

அவர் அளவுக்குக் கலரில் கடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கருநீலம். திருப்பூரிலிருந்து அடுத்த பார்சல் மறுநாள்தான் வரும். பரவாயில்லை, ஒன்று போதுமே என்று எடுத்தேன். கலர் துணியில் மை நிற்க வேண்டுமென்றால் முதலில் ஒரு திரவம் தெளித்துக் காயவைக்க வேண்டும். அதைச் செய்து, படத்தை ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரிபார்த்து மிஷினுக்கு அனுப்பப் போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷங்களில் கரண்ட் போவது பற்றி யாரும் வருத்தப்பட மாட்டோம், எப்போது வரும் என்று மட்டும் கேட்போம். அண்ணாவும் தீபாவும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர் கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவருக்கு இன்றைக்கு இதைக் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்று எனக்குப் பட்டது.

மத்தியானத்துக்கு மேல் கரண்ட் வந்தது. நான் ஓடிப்போய் ஹீட் பிரஸ்ஸைச் சூடேற்றினேன். நேரம் ஆகிறதே என்ற பதற்றத்தில் சாரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, படத்தை மறுபடியும் திறந்து, அனுப்பிவிட்டார்.

கருநீலத் துணியில் முதலில் வெள்ளை மைதான் விழும். அதன் மேல்தான் மற்ற கலர் வரும். அதனால் எந்தப் படமும் முதலில் வெள்ளையாகப் பிறக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. தீபாவை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, மூடியின் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னேன். நீலத்துக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு உச்சி வந்தது. சரிவு வந்தது. விடியற்காலைப் பனியில் மலை இருப்பதும் இல்லாததுமாகத் தெரியுமே, அப்படி இருந்தது. நானும் அவளோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. தினம் போகும் ஆட்டோவில் ஏறித் தெரியாத ஊரில் இறங்கிவிட்ட மாதிரி. ஏன் என்று புரியவில்லை.

பச்சையும் பழுப்பும் விழுந்து வீடும் மரமும் தெளிந்ததும் தீபா சொன்னாள்.

"அக்கா, இது எங்க மலை இல்ல."

4. வேற ஊரு மலை

சார் எழுந்து வந்து பார்த்தார். "நீ வரைஞ்சதுதானேம்மா இது. பாரு, ஆட்டுக்கு அஞ்சு காலு கூட அப்படியே வந்திருக்கு."

"பனைமரம் எங்க வூட்டோட இந்தப் பக்கம் வராது. டேங்க்கு இன்னாத்துக்கு அங்க போச்சு? மலையும் அப்படி சாயாது."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மிரர் கட்டத்தில் டிக் இருந்தது. ஆரணியில் பல வருஷம் அந்தக் கட்டத்தைத் தட்டித் தட்டிப் பழகிய விரல், அவரைக் கேட்காமலே தட்டியிருந்தது. டிரான்ஸ்ஃபர் வேலையிலிருந்து இந்த மிஷினுக்கு வந்த யாருக்கும் ஒருமுறையாவது இது நடந்திருக்கும். எழுத்து ஏதாவது இருந்திருந்தால் வெள்ளை விழும்போதே கண்டுபிடித்திருப்போம். இதில் ஒரு எழுத்துகூட இல்லை.

சார் பெருமைக்காரர். தப்பு என்று வாயால் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கைப்பழக்கம்ப்பா. தப்புப் பண்ணிட்டேன்" என்றார் அண்ணாவிடம். பிறகு பாவம், சமாளிக்கவும் பார்த்தார். "ஆனா மலை எந்தப் பக்கத்துலருந்து பாத்தாலும் மலைதானே? சுத்தி வரும்போது இப்படியும் ஒரு எடத்துல தெரியுமில்ல?"

தெரியாது. மலையைச் சுற்றி எந்த இடத்தில் நின்றாலும் அந்த மலை தெரியாது. அது உலகத்திலேயே இல்லாத மலை.

வெள்ளைச் சட்டையிலாவது இன்னொன்று அடித்துவிடலாம் என்று சார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நீலச் சட்டையை ஹீட் பிரஸ்ஸில் வைத்து மையைக் காயவைத்து எடுத்தேன். எடுத்துக் கீழே வைக்கவில்லை, மறுபடியும் கரண்ட் போய்விட்டது. இனி வரும்போது பஸ் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும்.

அப்போதுதான் தீபா அழுதாள். அதுவரை பெரிய மனுஷி மாதிரி இருந்தவள். "அப்பா வேற ஊரு மலைய எடுத்துக்கினு போறாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சார் பிரித்த சட்டையை மறுபடி மடிக்கவும் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதுவும் பீரோவுக்குத்தான் போக வேண்டும் என்று நான் நீலச் சட்டையை மடிக்கப் போனேன்.

ஏழுமலை அண்ணா மடிக்க விடவில்லை. "பாப்பா கை பட்டது. குடும்மா, போட்டுக்கறேன்" என்று தன் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். தீபாவின் தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "ஊருக்குப் போறதுக்குள்ள மூஞ்ச வழிச்சிக்கினு வந்துடறேன்" என்று பக்கத்து சலூனுக்குப் போய்விட்டார். மகள் முன்னால் கண் கலங்கக் கூடாது என்றுதான் போனார் என்று நினைக்கிறேன்.

5. சலூன்

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அண்ணா வாசலில் வந்து நின்றார். ஒரு கன்னம் முழுக்க நுரை. கழுத்தில் கட்டிய துண்டைக் கையில் பிடித்திருந்தார். பின்னாலேயே சலூன்காரர் கத்தியோடு, "யோவ், பாதியில ஓடுறியே" என்று கத்திக்கொண்டு வந்தார்.

"பாப்பா, வா வா. சீக்கிரம் வா."

தீபாவைத் தூக்கிக்கொண்டு போனார். என்னவோ ஏதோ என்று நானும் சாரும் பின்னால் ஓடினோம். சலூன் சுவர் முழுக்க ஒரு பெரிய கண்ணாடி. அண்ணா அவளை நாற்காலியில் ஏற்றி நிறுத்திவிட்டு, தானும் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.

கண்ணாடிக்குள் எங்கள் ஊர் மலை இருந்தது. இடப்பக்கம் வீடு, வீட்டை ஒட்டிப் பனைமரம். வலப்பக்கம் டேங்க். சரிவு எப்படிச் சாய வேண்டுமோ அப்படிச் சாய்ந்திருந்தது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, மலைக்குப் பின்னால் சூரியன் போவது போலவே இருந்தது. சலூன்காரர் கத்தியை மடக்கிவிட்டார்.

தீபா அப்பாவின் மார்பைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடியும் மார்பைப் பார்த்தாள்.

"அங்க கண்ணாடி இருக்குமா?"

"இருக்கும்மா."

"இல்லன்னா?"

"வாங்கி மாட்டிக்கறேன்."

"மத்தவங்க பாத்தா தப்பாத்தானே தெரியும்?"

"மத்தவங்களுக்கு அது ஏதோ ஒரு மலை, தெரிஞ்சிட்டுப் போவட்டும். இது நான் பாக்கறதுக்குத்தானே நீ வரைஞ்ச?"

அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அவர் மறு கன்னத்தையும் வழித்துக்கொண்டு, அந்தச் சட்டையோடேயே பஸ் ஏறினார்.

6. வலம்

அதற்குப் பிறகு ஒற்றைப் பீஸ் கேட்டு வருபவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். "இது மத்தவங்க பாக்கறதுக்கா, நீங்க பாக்கறதுக்கா?" நிறைய பேர் முழித்தார்கள். சிலர் யோசித்துவிட்டு, ஆச்சரியமாக, "நான் பாக்கத்தான்" என்றார்கள். அவர்களில் ஒருவர் குனிந்தால் தனக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று தலைகீழாக அடித்துக்கொண்டு போனார். டிசைன் படிப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அழகாக அடிப்பது எப்படி என்று சொன்னார்கள், யார் கண்ணுக்கு என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான், அதை இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஏழுமலை அண்ணா லீவில் வந்தார். தீபா அவர் தோளுக்கு வளர்ந்துவிட்டிருந்தாள். அவர் மேல் அதே நீலச் சட்டை. நீலம் வெளுத்து, அடியிலிருந்த வெள்ளை அங்கங்கே வெடித்து, மலை முழுக்க மழை மேகம் மூடிய மாதிரி இருந்தது.

"இன்னொண்ணு வேணும் மல்லிகா. அதே படம்" என்றார்.

படம் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. திறந்ததும் தீபா வெட்கப்பட்டுக் கண்ணைப் பொத்தினாள். "ஐயோ, ஆட்டுக்கு அஞ்சு காலு. ஒண்ண எடுத்துடுங்கக்கா."

"எடுக்காத. அஞ்சும் இருக்கட்டும்" என்றார் அண்ணா.

சார் உற்சாகமாக எழுந்து வந்தார். "ஏழுமலை, இந்தவாட்டி நேரா அடிச்சித் தரேன்ப்பா. அன்னிக்கு நடந்தது எனக்கு இன்னிக்கும் மனசுல கீது."

"வேணாம் சார். அன்னிக்கு மாதிரியே அடிங்க."

பிறகு அவராகவே சொன்னார். குவைத்தில் அவருக்குக் கொடுத்த அறையில் கண்ணாடி இல்லை. அங்கே அவர் வாங்கிய முதல் பொருள், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி. தலை சீவ அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் அவர் அறைக்குத்தான் வருவார்களாம்.

"பௌர்ணமி அன்னிக்குக் கதவ சாத்திட்டு இந்தச் சட்டையப் போட்டுக்குவேன். கண்ணாடியில மலையப் பாத்துக் கும்புட்டுட்டு, நின்ன எடத்துலயே என்னையே சுத்திக்குவேன். கோயில்ல சாமி முன்னால பண்ணுவோமே, அந்த மாதிரி. மலை என் மேலதானே கீது? என்னச் சுத்துனா மலையச் சுத்துன மாதிரிதானே?"

சார் பக்கெட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அழுகை வந்தால் அப்படித்தான், ஏதாவது வேலை பார்ப்பார்.

தீபா மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூளை அப்படி. "நீ வலமா சுத்துனா கண்ணாடியில எடமா சுத்துற மாதிரி இல்ல தெரியும்? மலைய அப்படிச் சுத்தக் கூடாதேப்பா."

"தெரியும்மா. மொத வாட்டியே பாத்துட்டேன்" என்றார் ஏழுமலை அண்ணா. "அதான் சுத்தும்போது கண்ண மூடிக்குவேன். கண்ண மூடிக்கினா நம்மூரு ரோடே வந்துடும்."

நான் புதிய நீலச் சட்டையைப் பலகையில் மாட்டினேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மிரர் கட்டத்தில் என் கையாலேயே டிக் போட்டேன்.